உழைப்பவர் குற்றமா? கருவியின் குற்றமா?

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

     

கூரைக் கொட்டகை ஒன்றில், ஒற்றை மின்விளக்கின் கீழ், மாலை வகுப்பாகத் தொடங்கிய நம் கல்விச் சங்கம் இன்று இருபத்தைந்தாம் ஆண்டை நிறைவு செய்கின்றது. இந்நன்னாளில் அறிவியல் அறிஞர்கள் சிலரைப் பற்றி உரையாற்றுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். நியூட்டனையும் சர் சி. வி. இராமனையும் நம் மாணவர்கள் பாடநூலிலேயே படித்து விடுகின்றனர். ஆதலின், பாடநூலில் பெரும்பாலும் இடம்பெறாத சிலரை நினைவுகூர விழைகின்றோம். உழைக்கின்ற மனிதனின் முதுகையும் கண்ணையும் கையையும் உற்று நோக்கியவர்கள் அவர்கள். அவர்கள் வளர்த்த துறைக்கு எர்கானாமிக்ஸ் என்று பெயர். தமிழில் பணிச்சூழலியல் என்பர். கருவியும் வேலையும் வேலை செய்யும் இடமும் மனிதனுக்குப் பொருந்துமாறு அமைய வேண்டும் என்பதே அத்துறையின் சாரம்.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று நம்மிடையே ஒரு பழமொழி வழங்குகின்றது. வேலையில் ஒரு பிழை நேர்ந்தால், ஒருவன் களைத்து உட்கார்ந்தால், உடனே இப்பழமொழி நம் காதில் விழும். கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்பார் இல்லை. அதைக் கேட்டு, அளவுகோலை எடுத்துக் கொண்டு கூடத்தை அளக்கப் புறப்பட்டவர்களே இவ்வறிஞர்கள்.

முதலாமவர் இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி. 1633-ல் கார்ப்பி எனும் ஊரில் பிறந்தவர். மொடேனா நகரில் மருத்துவப் பேராசிரியராக விளங்கியவர். ஒரு நாள் அவர் வீட்டுக் கழிவுக் குழியைத் துப்புரவு செய்ய ஒரு தொழிலாளி வந்திருந்தார். அவர் மூச்சு விடவும் நேரமின்றி விரைந்து விரைந்து வேலை செய்வதைக் கண்ட ராமசினி, இத்தனை அவசரம் எதற்கு என்று பரிவுடன் கேட்டார். தொழிலாளி தலையை நிமிர்த்தி, இக்குழிக்குள் நான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கண் பார்வையே போய்விடும், இதனைச் செய்து பார்த்தவர்க்கே இதன் துன்பம் தெரியும் என்னும் பொருள்படச் சொன்னார். ராமசினி அவருடைய கண்களை நோக்கினார். அவை சிவந்து மங்கிக் கிடந்தன. பின்னர் நகரில் விசாரித்தபோது, பிச்சையெடுத்துத் திரிந்த குருடர் பலர் ஒரு காலத்தில் அதே தொழிலைச் செய்தவர்கள் என்று அறிந்தார்.

எத்தனையோ செல்வர் வீட்டுக் குழிகளை எத்தனையோ பேர் துப்புரவு செய்தனர். வீட்டுக்காரர் எவரும் அவர்களுடைய கண்ணைப் பார்த்ததில்லை. மூக்கைப் பொத்திக் கொண்டு விலகினர். ராமசினி ஒருவரே அருகில் சென்று பேசினார். அந்த ஓர் உரையாடலிலிருந்தே தொழிலாளர் நோய்களைப் பற்றிய அவருடைய பெருநூல் பிறந்தது. 1700-ல் வெளியான அந்நூலை 1713-ல் அவர் விரித்து எழுதியபோது, ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள் அதில் இடம்பெற்றன. குயவர், நெசவாளர், சலவை செய்யும் பெண்கள், உழவர், நாள் முழுதும் உட்கார்ந்து எழுதும் எழுத்தர் என எல்லாரும் அதில் உண்டு. நோயாளியைக் காணும் மருத்துவர், பழைய மருத்துவ நூல்கள் கூறும் வினாக்களோடு, "நீ செய்யும் தொழில் யாது?" என்பதையும் கேட்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். நம் நாட்டில் தொழிலைக் கேட்பது பெரும்பாலும் ஒருவனை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்வதற்காக. ராமசினி அதே கேள்வியைக் கேட்டது, அவனை எவ்வாறு குணப்படுத்துவது என்று அறிவதற்காக. இவ்வேறுபாட்டை இளைஞர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

இரண்டாமவர் போலந்து நாட்டு வோய்சியெக் யாஸ்த்ரெம்போவ்ஸ்கி. பெயர் நம் நாவுக்குக் கடினமானது. வாழ்க்கையோ நமக்கு அந்நியமானது அன்று. 1799-ல் பிறந்த அவர் இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். தம் முயற்சியால் கற்று, வார்சா நகரை அடுத்த மாரிமொன்ட் வேளாண் கல்லூரியில் இயற்கை அறிவியல் ஆசிரியர் ஆனார். தம் நாட்டின் விடுதலைக்காக 1831-ல் ஆயுதம் ஏந்தவும் செய்தார். 1857-ல் ஒரு வார இதழில் அவர் எழுதிய கட்டுரையில்தான் எர்கானாமிக்ஸ் என்னும் சொல் முதன்முதலாகத் தோன்றியது. கிரேக்க மொழியில் எர்கான் என்றால் வேலை. நோமோஸ் என்றால் விதி. உழைப்புக்கும் விதிகள் உண்டு, அவற்றை அறிவியலாகக் கற்க வேண்டும் என்று ஓர் ஆசிரியர் எழுதினார். எனினும் அச்சொல் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு உறங்கிக் கிடந்தது. 1949 சூலை 12-ஆம் நாள் இலண்டனில் உடலியல், உளவியல், பொறியியல் எனப் பல துறை அறிஞர்கள் ஒரு சங்கம் அமைக்கக் கூடினர். அவர்களுள் ஒருவரான ஹைவெல் மரல், போலந்து ஆசிரியரின் கட்டுரையை அறியாமலேயே, அதே இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அதே பெயரை மீண்டும் படைத்தார்.

அடுத்து, அமெரிக்காவின் கில்பிரெத் தம்பதியர். பிராங்க் கில்பிரெத் கல்லூரிக்குச் செல்லாமல், 1885-ல் தம் பதினேழாம் வயதில் கொத்தனாரிடம் எடுபிடியாகச் சேர்ந்தவர். கொத்தனார் ஒவ்வொரு செங்கல்லுக்கும் தரை வரை குனிந்து நிமிர்வதை அவர் கண்டார். எடுக்கும் கல்லின் எடை சிறிது. அதனோடு சேர்த்துத் தம் உடலின் மேற்பாதி முழுவதையும் அவர் ஒவ்வொரு முறையும் தூக்க வேண்டியிருந்தது. கல்லும் கலவையும் இடுப்பு உயரத்துக்கு வரும்படி, சுவரோடு சேர்ந்து உயரும் சாரத்தைக் கில்பிரெத் அமைத்தார். பதினெட்டு அசைவுகள் ஐந்தாகக் குறைந்தன. மணிக்கு 120 செங்கற்கள் வைத்த இடத்தில் 350 வைக்க முடிந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். கல் மும்மடங்கு ஏறி, கூலி ஏறாமல் நின்றால், அந்த அறிவியல் யாருக்குப் பயன்பட்டது? அதே காலத்தில் அமெரிக்க ஆலைகளில் நிறுத்துக் கடிகாரத்துடன் தொழிலாளியின் முதுகுக்குப் பின்னால் நின்றவர்களும் உண்டு. 1911-ல் வாட்டர்டவுன் ஆயுதச் சாலையின் வார்ப்புத் தொழிலாளர்கள் அக்கடிகாரத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். உழைப்பவன் உடலை அளப்பது அவனுக்கு ஓய்வு தருவதற்கா, அவனை இன்னும் பிழிவதற்கா? இவ்வினாவைக் கேளாத ஆராய்ச்சி சாட்டையாக மாறிவிடும்.

பிராங்கின் துணைவியார் லில்லியன் கில்பிரெத் அம்மையார் பன்னிரண்டு குழந்தைகளைப் பெற்றவர். 1915-ல் முனைவர் பட்டமும் பெற்றவர். அதற்கு முந்திய ஆண்டு அவர் எழுதிய மேலாண்மை உளவியல் நூலில், எழுதியவர் பெண் என்று தெரியாதிருக்க முதலெழுத்துகளை மட்டுமே பதிப்பகத்தார் இட்டனர். 1924-ல் கணவர் திடீரென மறைந்தார். அம்மையார் சில நாட்களிலேயே கப்பலேறி, ஐரோப்பாவில் கணவர் ஆற்ற வேண்டிய உரைகளைத் தாமே ஆற்றித் திரும்பினார். பெண்ணிடம் ஆலோசனை கேட்கத் தயங்கிய நிறுவனங்கள் தம் ஒப்பந்தங்களைக் கைவிட்டன. அவர் அடுக்களையின் பக்கம் திரும்பினார். மேடையின் உயரம், பொருள்கள் இருக்கும் இடம், நடக்கும் தொலைவு ஆகியவற்றை ஆராய்ந்தார். காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத் தொட்டியை அவருடைய ஆக்கமாகக் கூறுவர். போரில் உறுப்பிழந்தோர் வேலை செய்வதற்கான வழிகளைக் கணவரோடு சேர்ந்து ஆராய்ந்தவரும் அவரே. 1965-ல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அப்பெருமையைப் பெற்ற முதல் பெண்மணி அவர். நம் இளம் பெண்கள் இவ்வரலாற்றைப் படிக்க வேண்டும். பெயரை மறைத்தவர்களால் அறிவை மறைக்க முடியவில்லை.

களைப்பைப் பற்றியும் ஒரு சொல். முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் வெடிமருந்துச் சாலைகளில் பெண்களும் ஆண்களும் இரவு பகலாக உழைத்தனர். 1915-ல் அமைந்த ஓர் அரசுக் குழுவுக்காக எச். எம். வெர்னன் என்னும் உடலியல் அறிஞர் அங்குள்ள உற்பத்தியைக் கணக்கெடுத்தார். மிகநீண்ட வேலை நேரத்தைக் குறைத்தபோது உற்பத்தி சரியவில்லை. சில பணிகளில் உயரவும் செய்தது. களைப்பு என்பது சோம்பலின் மறுபெயர் அன்று, அது உடலின் நியதி என்பது எண்ணால் நிறுவப்பட்டது. நம் நாட்டில், வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர் கொண்டுவந்த தொழிற்சாலைத் திருத்தச் சட்டம், 1946-ல் வாரத்துக்கு 54 மணி என்றிருந்த வேலை நேர வரம்பை 48 ஆகக் குறைத்தது. அண்ணலின் பணியை நாம் நினைவுகூரும்போது இதனையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இனி, எங்கள் நெஞ்சை மிகவும் தொட்ட வரலாற்றுக்கு வருகின்றோம். இரண்டாம் உலகப் போரில் பி-17 என்னும் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் சில, நலமாகத் தரையிறங்கிய பிறகு ஓடுபாதையிலேயே வயிறு உரசி விழுந்தன. இறங்கிய ஓட்டிகள் இறக்கையின் மடிப்பை உள்ளிழுப்பதற்குப் பதிலாகச் சக்கரங்களை உள்ளிழுத்து விட்டனர். ஓட்டியின் தவறு என்று கோப்பு மூடப்பட்டது. 1942-ல் விமானப்படையின் மருத்துவ ஆய்வகத்தில் சேர்ந்திருந்த அல்போன்ஸ் சப்பானிஸ் என்னும் இளம் உளவியலார் விமானத்துக்குள் ஏறிப் பார்த்தார். சக்கரத்துக்கும் மடிப்புக்கும் உரிய இரு விசைகளும் ஒரே உருவில் அருகருகே இருந்தன. சி-47 விமானத்தை ஓட்டியோர் இத்தவற்றைச் செய்வதில்லை. அதில் அவ்விசைகள் அவ்வாறு அமையவில்லை. சப்பானிஸ் ஒரு விசையின் நுனியில் சிறு சக்கரத்தையும், மற்றதன் நுனியில் சிறு ஆப்பு வடிவத்தையும் பொருத்தினார். கண் பாராவிடினும் கை அறிந்து கொண்டது. விபத்துகள் நின்றன.

போருக்குப் பின் பால் பிட்ஸ், ரிச்சர்டு ஜோன்ஸ் என்னும் இருவர், ஓட்டியின் தவறு எனப் பெயரிடப்பட்ட 460 நிகழ்வுகளைத் தொகுத்து 1947-ல் ஆராய்ந்தனர். அவற்றுள் பெரும்பாலானவை கருவிகளின் அமைப்பை மாற்றினால் தவிர்க்கத் தக்கவை என்று கண்டனர்.

இவ்வரலாற்றை நாங்கள் படித்தபோது வெட்கம் அடைந்தோம். காரணத்தை ஒளிக்காமல் சொல்கின்றோம். பல ஆண்டுகளுக்கு முன், நாங்கள் பணியாற்றிய ஒரு பள்ளியின் ஆறாம் வகுப்பில் நம் தெருப் பிள்ளை ஒருவன் இருந்தான். எழுத்து வரிக்கு வரி சாய்ந்து ஓடும். மூன்றாம் பாடவேளைக்குள் நெளிவான், எழுந்து நிற்பான். அடங்கி உட்காரத் தெரியாதவன் என்று ஆசிரியர் எல்லாரும் சொன்னோம், நாங்களும் சொன்னோம், கையும் ஓங்கினோம். ஒரு நாள் அவனுடைய தந்தையார் வகுப்பு வாயிலில் நின்று பார்த்துவிட்டு, "பிள்ளைக்குக் கால் எட்டவில்லையே ஐயா" என்று மெல்லச் சொன்னார். அப்போதுதான் பார்த்தோம். மேல்வகுப்புக்கெனச் செய்த பெஞ்சில் அவன் கால்கள் அந்தரத்தில் தொங்கின. மேசை அவன் மார்பளவில் இருந்தது. தோளைத் தூக்கிக் கொண்டே எழுதியிருக்கிறான். தச்சரை அழைத்து இருக்கையின் மேல் ஒரு பலகையும், காலடியில் ஒரு பலகையும் அடித்தோம். அவன் எழுத்து முத்துமுத்தாகி விட்டது என்று கதை சொல்ல மாட்டோம். ஆனால் மூன்றாம் பாடவேளையில் எழுந்து நிற்பதை அவன் விட்டுவிட்டான்.

தலைமுறை தலைமுறையாக நம் மக்களைப் பார்த்துச் சொல்லப்பட்ட பழியை, படித்துப் பட்டம் பெற்ற நாங்களே நம் பிள்ளையைப் பார்த்துச் சொன்னோம். கூடம் கோணலாக இருந்தது. ஆடத் தெரியவில்லை என்றோம். கையெழுத்துப் போடவும் அறியாத அத்தந்தையார் கண்டதை, பயிற்சி பெற்ற எங்கள் கண்கள் காணவில்லை. அவருக்கு நாங்கள் பட்ட கடனே இவ்வுரை.

இந்தியாவிலும் இத்துறை வளர்ந்தது. எஸ். ஆர். தத்தா, என். எல். இராமநாதன் ஆகிய இருவர் சுமை சுமக்கும் ஏழு முறைகளை ஒப்பிட்டு ஆராய்ந்து 1971-ல் வெளியிட்டனர். தலைச்சுமை, முதுகுப் பை, காவடி போன்ற தோள்தடி, கைச்சுமை முதலியவற்றில் உடல் செலவிடும் ஆற்றலை அளந்தனர். முன்னும் பின்னும் சமமாகப் பகிர்ந்த சுமைக்கு ஆற்றல் செலவு மிகக் குறைவு. இரு கைகளில் தொங்கும் சுமைக்கு மிக அதிகம். தலைச்சுமை சிக்கனமான முறைகளுள் ஒன்று. நம் தாய்மார்கள் தலையில் சுமந்தது அறியாமையால் அன்று என்பது தெரிகின்றது. அதனால் கழுத்தெலும்புக்குக் கேடில்லை என்று கொள்ளலாகாது. அளந்தது ஆற்றலை; கழுத்தின் வலி வேறு கணக்கு.

முதுகின் கணக்கைக் கலிபோர்னியாவின் வயல்கள் கற்பிக்கின்றன. அங்கே கீரையும் கிழங்கும் விளையும் பண்ணைகளில், பெரும்பாலும் மெக்சிக வழிவந்த கூலியாட்கள் இரண்டடிக்கும் குறைவான பிடியுள்ள கொத்தினால் நாள் முழுதும் குனிந்தே வேலை செய்தனர். நீண்ட பிடி இருந்தால் பயிர் கெடும் என்றனர் முதலாளிகள். வேறொரு வசதியும் அவர்களுக்கு இருந்தது. குட்டைப் பிடியை வைத்துக் கொண்டு எவனும் நிமிர்ந்து வேலை செய்ய இயலாது. ஆகவே நிமிர்ந்து நிற்பவன் வேலை செய்யாதவன் என்று மேற்பார்வையாளன் தொலைவிலிருந்தே கண்டுகொள்வான். முதுகெலும்பு தேய்ந்த தொழிலாளர்கள் ஏழைகளுக்கான சட்ட உதவியாளர்களின் துணையோடு வழக்காடினர். மருத்துவர்கள் முன்வந்து, இக்குனிவு முதுகை நிலையாக முடமாக்கும் என்று சான்று கூறினர். 1975 சனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் தொழிலாளர் பக்கம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே குட்டைக் கொத்து தடை செய்யப்பட்டது. பயிர் அழிந்து போகவில்லை. மனிதர் நிமிர்ந்தனர்.

நிமிர்ந்து நிற்பதே குற்றம் என்னும் சொல் நமக்குப் புதியதா? எங்கள் தாயார் பிறர் வயலில் களைக்கொத்துடன் குனிந்தே நாற்பது ஆண்டுகள் களை எடுத்தார். வரப்பில் நின்றவர் காண, இடுப்பில் கைவைத்து ஒரு கணம் நிமிர்ந்தால் ஏச்சு விழும். முதுமையில் அவர் நேராகப் படுக்க முடியாமல், ஒருக்களித்தே உறங்கினார். அது வயதின் கோளாறு என்றே நாங்கள் நெடுநாள் எண்ணியிருந்தோம். அது ஒரு குட்டைப் பிடியின் கோளாறு. நின்றுகொண்டே தள்ளும் களைக்கருவிகள் இன்று வந்துவிட்டன. அவருடைய காலத்தில் அவருக்கு அது கிட்டவில்லை.

இறுதியாக, ராமசினி கண்ட அந்தக் குழிக்குத் திரும்புவோம். அவர் நூல் எழுதி முந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. மனிதக் கழிவை மனிதன் அகற்றுவதைத் தடை செய்து நம் நாட்டில் 1993-லும் 2013-லும் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஆயினும் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி மூச்சடைத்து இறந்தவர்களின் குடும்பத்துக்கு இழப்பீட்டை 30 இலட்சம் ரூபாயாக உயர்த்த வேண்டிய நிலை 2023-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஏற்பட்டது. சாவு நின்றிருந்தால் இழப்பீட்டை உயர்த்தும் தேவை எழுந்திருக்குமா? இடையில் 2018-ல், கேரளத்து இளம் பொறியாளர்கள் சிலர், ஆளிறங்கும் குழிக்குள் ஆளுக்குப் பதிலாக இறங்கும் இயந்திரம் ஒன்றைச் செய்து திருவனந்தபுரத்தில் இயக்கிக் காட்டினர். பணிச்சூழலியலின் கடைசிப் பாடம் இதுவே. சில வேலைகளில் கருவியைத் திருத்த வேண்டும். சில வேலைகளில் நேரத்தைக் குறைக்க வேண்டும். சில வேலைகளிலிருந்து மனிதனையே வெளியே கொண்டுவர வேண்டும்.

இளைஞர்களே! உங்களுள் சிலர் பொறியாளர் ஆவீர்கள். சிலர் மேற்பார்வையாளர், மருத்துவர், அலுவலர் ஆவீர்கள். நாற்காலியில் அமர்ந்த பின், கீழே நிற்பவரைப் பார்த்து அந்தப் பழைய பழமொழியைச் சொல்வது எளிது. நாங்களே சொன்னோம் என்று ஒப்புக்கொண்டோம். அதற்கு மாறாக, மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நீங்கள் செய்யும் வேலை யாது? உடலில் எங்கே வலிக்கின்றது? எதை மாற்றினால் எளிதாகும்? மூன்றாம் கேள்விக்கு விடை பெரும்பாலும் அவ்வேலையைச் செய்பவரிடமே இருக்கும். இன்றிரவே உங்கள் வீட்டில் தாய் தந்தையரிடம் இக்கேள்விகளைக் கேட்டுத் தொடங்குங்கள். அவர்களுடைய வளைந்த முதுகைக் கண்டு நாணாதீர்கள். அதனை வளைத்தது எது என்று கற்றுக் கொள்ளுங்கள்.

சங்கத்தின் பொறுப்பாளர்களுக்கும் ஒரு சிறு வேண்டுகோள். நம் மாலை வகுப்பில் சிறுவரும் பெரியவரும் ஒரே உயர பெஞ்சில் அமர்கின்றனர். வெள்ளி விழாவின் நினைவாக, ஒரு தச்சரையும் ஓர் அளவுகோலையும் வரவழைத்து, ஒவ்வொரு பிள்ளையின் காலும் தரையைத் தொடுமாறு செய்வோம். பலகைச் செலவை நாங்கள் ஏற்கின்றோம்.